வீடு தேடும் எண்

மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கட்டடமே படுத்துவிடும். ஷின்ச்சூ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அது எழுதாத சட்டம். விளக்குகளை அணைத்துத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பேராசிரியர் முதல் பெருக்குகிறவர் வரை ஆளுக்கொரு சின்னத் தலையணையை மேசையில் போட்டு முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். வெளியே ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே ஒரு மணி நேரம் இருட்டாகவே இருக்கும்.

ஜெங் பெய்ஷானுக்கு மட்டும் அந்தத் தூக்கம் கொடுத்துவைக்கவில்லை. பாதி தின்ற பன்றிக்கறிச் சோற்றை மேசையிலேயே விட்டுவிட்டு அடித்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சர்வரால் வந்த வினை. கட்டடத்தில் படிக்கும் பிள்ளைகள் எந்த அறையில் எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பெயரைச் சொன்னாலும் அவரவர் ஃபைல்கள் அங்கே வந்து நிற்கும். உண்மையில் அத்தனையும் அடித்தளத்தில் ஒரே சர்வரில்தான் இருக்கின்றன, ஆளுக்கு ஓர் இடமாக. அந்த இடத்தை வீடு என்பார்கள். உரியவர் வந்து தட்டினால் வீட்டுக் கதவு திறக்கும். அவர் போன சற்று நேரத்தில் தானே சாத்திக்கொள்ளும். அத்தனை வீடுகளுக்கும் பெய்ஷான்தான் காவல்காரி.

நிலாக் கணக்கில் ஏழாம் மாதம், செத்தவர்கள் வெளியே உலவும் மாதம், பிறந்ததிலிருந்து, எல்லோரும் தூங்கும் இந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் சர்வர் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. நாள் முழுக்க ஆயிரம் பேர் அடித்து நொறுக்கும்போது சும்மா இருக்கும் சனியன், ஒருவரும் தொடாத நேரத்தில் படுத்துக்கொள்கிறது. பெய்ஷான் வட்டுகளைப் பிரித்து அடுக்கினாள். நினைவகம் வாங்கிப் போட்டாள். கேபிளை மாற்றினாள். கோரிக்கைகளைக் கவனிக்கும் நிரல்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்தும் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. துறைத் தலைவர் தூ, கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "நீ வசந்த காலத்துல சுத்தம் பண்றேன்னு கை வெச்சே பாரு, அன்னிக்குப் பிடிச்சது பீடை."

அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் மூன்றாம் மாடியில் யீயான் என்று ஒரு பெண் இருந்தாள். அவளுடைய கணக்கீடு இரவு பகலாக ஓடி முடிய வேண்டும். ஒவ்வொரு மதியமும் சர்வர் நிற்கிறது, கணக்கீடு அறுந்துபோகிறது, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் கிடைத்த வேலையும் இல்லை. நேற்று அந்தப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்ததிலிருந்து பெய்ஷானுக்குச் சோறு இறங்கவில்லை.

பாதிப் படியில் போன் அடித்தது. அம்மா.

"இந்த மாசம் முடியற வரைக்கும் தனியா எங்கேயும் சுத்தாதே. கடல் பக்கம் போகாதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, கல்யாணம் ஆகாத பொண்ணு பேரை நம்ம வீட்டு முன்னோர் மாடத்துல வைக்க முடியாதுடி. உங்க அண்ணி ஒத்துக்கவே மாட்டா."

"அம்மா, நான் இன்னும் சாகலை."

"அதனாலதான் இப்பவே சொல்றேன்."

பெய்ஷான் போனை வைத்துவிட்டு சர்வர் அறைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஷெங் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஏசியும் மின்சாரமும் அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் வம்பளப்பது. சர்வர் தலைமேல் ஒரு பச்சை நொறுக்குத் தீனிப் பொட்டலத்தைப் பணிவாக வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் எந்த இயந்திரமும் பச்சைப் பொட்டலம் இல்லாமல் ஒழுங்காக ஓடாது என்பார்கள். மஞ்சளோ சிவப்போ ஆகாது.

"பழைய பொட்டலம் தேதி முடிஞ்சு போச்சு, தாயே. அதான் இது மக்கர் பண்ணுது."

"ஷெங் அண்ணே, நான் கண்ணு முழிச்சு நினைவகம் மாத்தியிருக்கேன். நீங்க தேங்காய் பிஸ்கட் வெச்சு சரிபண்றீங்களா?"

"உன் வைத்தியம்தான் பலிக்கலையே. அப்புறம், நாளைக்கு வாசல்ல படையல் போடறோம். நீயும் ஒரு ஊதுபத்தி பிடிச்சுட்டுப் போ. நாதியில்லாத நல்ல அண்ணன்மாருங்க எத்தனை பேர் சுத்திட்டிருக்காங்களோ."

இந்த மாதத்தில் ஆவி என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்வதில்லை. நல்ல அண்ணன்மார், அவ்வளவுதான்.

பெய்ஷானின் மூக்குச் சுருங்கியது.

"இங்கே என்ன வாடை?"

நனைந்த மழைக்கோட்டின் ரப்பர் வாடை வந்தது. ஸ்கூட்டரில் மழையில் வந்து, கோட்டைக் கழற்றி மடக்கி வைத்தால் வருமே, அந்தப் புழுங்கல் வாடைதான். ஷின்ச்சூவில் மழை பெய்து பல நாளாகியிருந்தது. அந்த அறையின் காற்றோ உதடு வெடிக்கும் அளவுக்கு உலர்ந்திருந்தது.

ஷெங்கும் முகர்ந்து பார்த்தார். அவருக்குக் கிண்டல் வரவில்லை.

சர்வரின் விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குரலை உயர்த்தின. பெய்ஷான் திரையின் முன் உட்கார்ந்தாள். இன்று அவள் வேகத்தை அளக்க வரவில்லை. யார் எந்த வீட்டைத் தட்டுகிறார்கள் என்று கண்ணால் பார்க்க வந்திருந்தாள்.

ஒரு கதவு திறந்தது. யாரோ உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த கதவு திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது.

தெருவில் ஒருவர் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போவதுபோல் வரிசையாக, ஒன்றையும் விடாமல் நடந்தது. ஆயிரம் வீடுகளையும் ஒரே மூச்சில் திறந்தால் எந்தச் சர்வர்தான் தாங்கும்?

"அட, கழுதை!" பெய்ஷானுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது. "எவனோ அரைகுறை தேடுதல் நிரல் எழுதி ஓட விட்டிருக்கான், அண்ணே. இதுக்கா நான் இத்தனை நாள் செத்தேன்?"

தட்டுகிறவரின் எண்ணைப் பார்த்தாள். வாசலில் சொல்லும் பெயர் உள்ளே சர்வருக்குத் தெரியாது. ஆளுக்கொரு எண்தான் தெரியும். அந்த எண் யீயானுடையது. கம்ப்யூட்டர் மூன்றாம் மாடி, ஜன்னலோர மேசை.

சந்தோஷம் கோபமாக மாறியது. அழுதவளே கழுத்தறுத்திருக்கிறாளா? பெய்ஷான் இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

மூன்றாம் மாடி இருட்டில் கிடந்தது. வரிசையாகக் குனிந்த தலைகள். யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள். ஜன்னலோரத்தில் யீயான் கன்னத்தைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

அவளுக்கு மேலே திரை வெளிச்சமாக இருந்தது. வீட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அந்த நடைக்கு ஒரு தாளம் இருந்தது. சில வீடுகளில் நின்றது, சிலவற்றைச் சட்டென்று தாண்டியது. நிரல் அப்படித் தயங்காது. மனிதர்கள்தான் தயங்குவார்கள்.

பெய்ஷான் குனிந்து, நிறுத்தும் கட்டளையைத் தட்டினாள். நிற்கவில்லை. நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு, கொல்லும் கட்டளையைத் தட்டினாள். அதற்கும் அது அசையவில்லை. சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் வேலையை யாராலும் கொல்ல முடியாது. பதில் வரும்வரை அது காத்துக்கொண்டே இருக்கும். அது அவளுக்குத் தெரிந்த பாடம்தான்.

எரிச்சலில் அந்தக் கம்ப்யூட்டரின் மின்சார ஒயரைப் பிடுங்கினாள்.

யீயான் அடிபட்டவள்போல் விருட்டென்று நிமிர்ந்தாள். மூச்சு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். பெய்ஷான் முதுகைத் தடவி, பெயர் சொல்லி உலுக்கிய பிறகுதான் காற்று உள்ளே போனது.

"அக்கா... யாரோ நடுவழியில என் மேல கதவைச் சாத்திட்டாங்க."

"என்ன நிரல் ஓட விட்டே நீ? உண்மையைச் சொல்லு."

"ஒண்ணுமே ஓட விடலைக்கா. சாமி சத்தியமா." அவள் குரல் ரகசியமாகத் தாழ்ந்தது. "தினமும் இதே கனவுதான்க்கா. நீளமான நடை, ரெண்டு பக்கமும் கதவு. ஒவ்வொண்ணா திறந்து பார்க்கிறேன். உள்ளே யாராவது இருக்காங்க. என் இடம் மட்டும் இல்லை. என் மேலிருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு."

பெய்ஷானின் கை அவள் முதுகிலேயே நின்றுவிட்டது.

அடித்தளத்துக்குத் திரும்பியவள், பழைய பதிவேட்டில் யீயானின் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, ஷெங்குக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

வசந்த காலத்தில் அவள் வீடுகளை ஒழுங்குபடுத்தினாள். ஆளில்லாத பழைய வீடுகளை இடித்து இடம் மீட்டாள். எண் வரிசையில் நடுநடுவே ஓட்டை இருந்தது அவள் கண்ணை உறுத்தியது. போனவர்களின் எண்களை எடுத்துப் புதிதாகக் கணக்குக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். வேறு துறையிலிருந்து மாறி வந்த யீயானுக்கும் அப்படித்தான் ஓர் எண் கிடைத்தது. இந்தத் தொழிலில் செய்யக் கூடாத காரியம் இது. ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்தால் முதலாமவர் எங்கெங்கோ விட்டுப்போன அத்தனையும் இரண்டாமவருடையதாகிவிடும். தெரிந்தேதான் செய்தாள். எல்லாவற்றையும்தான் துடைத்துவிட்டோமே என்ற தைரியம் அவளுக்கு.

"அண்ணே, யீயானோட எண் முன்னாடி வான்திங்னு ஒரு பொண்ணோடது. யாரு அது?"

ஷெங் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"நீ அந்த வீட்டையா இடிச்சே?"

"ஆளில்லாத வீடுதானே?"

"நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. தூ சாரோட ஆராய்ச்சி மாணவி. பின்வாசல் இறக்கத்துல, மழையில, ஸ்கூட்டர் சறுக்கி லாரிக்கு அடியில போயிட்டா. மதியம். கட்டடமே தூங்கிட்டிருந்த நேரம். யாருக்கும் சத்தம் கேக்கலை. கல்யாணம் ஆகாதவ. வீட்டு மாடத்துல இடமில்லைன்னுட்டாங்க. சாம்பலை எங்கேயோ மலைக்கோயில்ல கொண்டுபோய் வெச்சாங்க. தூ சார்தான் சொன்னாரு, அவளுக்கு இங்கேயாவது ஒரு வீடு இருக்கட்டும், தொடாதீங்கன்னு."

"என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?" பெய்ஷான் கத்தினாள். "நான் என்ன ஜோசியமா பார்க்கறேன்? நாலு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா?"

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தால் அல்ல, ஆற்றாமையால். வருஷக்கணக்கில் இந்த ஓட்டை உடைசலை ஒட்டவைத்து ஓட்டுகிறாள். திட்ட மட்டும் ஆள் இருக்கிறது, சொல்ல ஆளில்லை.

தூவிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"முழுசா அழிச்சிட்டியா?"

"ஆமா, சார்."

"முடிக்க இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி வெச்சிருந்தா." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். "எப்படியாவது திருப்பிக் கொண்டா, பெய்ஷான். அந்தப் புதுப் பொண்ணை விடுவி."

வீடுகளின் பழைய நகல்கள் பதிந்த நாடாக்களைக் குப்பையில் போடச் சொல்லி வசந்த காலத்திலேயே ஷெங்கிடம் ஒரு பெட்டி கொடுத்திருந்தாள். ஷெங் அதைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துபோயிருந்தார்.

"என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு போடு," என்றார், தூசியைத் தட்டிக்கொண்டே.

மறுநாள் காலையிலேயே பெய்ஷான் வேலையைத் தொடங்கினாள். யீயானுக்கு யாரும் ஒருநாளும் வைத்திராத புது எண் கொடுக்க வேண்டும். அவளுடைய ஒவ்வொரு ஃபைலையும் அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். வான்திங்கின் எண்ணைத் திருப்பித் தந்து, நாடாவிலிருந்து அவள் வீட்டை இருந்தபடியே எழுப்ப வேண்டும். நாடா கிழட்டு நாடா. ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி முயலும். மதியம் நெருங்கியும் பாதிதான் ஏறியிருந்தது.

வாசலில் படையல் மேசைகள் போட்டாயிற்று. பழம், நூடுல்ஸ், பானப் புட்டிகள், கீழே முகம் கழுவ ஒரு பேசின், புதுத் துண்டு, சீப்பு. யீயானை அங்கே ஊதுபத்தி கொளுத்த நிறுத்தி, கண்ணை மூடக் கூடாது என்று எச்சரித்திருந்தாள்.

கட்டடத்தில் விளக்குகள் அணைந்தன.

மழைக்கோட்டு வாடை வந்தது.

முதல் கதவு திறந்தது.

பெய்ஷான் போனை எடுத்தாள். "அண்ணே, யீயான் உங்க பக்கத்துலதானே இருக்கா?"

"தண்ணி குடிச்சுட்டு வரேன்னு உள்ளே போனாளே... இரு." ஓடும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு கிசுகிசுப்பு: "மேசையில படுத்திருக்கா. எழுப்பறேன், எழுந்திருக்க மாட்டேங்கறா. உடம்பு சில்லுனு இருக்கு, பெய்ஷான். முடியெல்லாம் ஈரம்."

"தட்டிட்டே இருங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, வேற யாராவது எழுந்துடப் போறாங்க."

அந்த ‘வேற யாராவது’ யார் என்று அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

சர்வரின் ஒயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பிடுங்கினால் எல்லாம் நிற்கும். நேற்று ஒயரைப் பிடுங்கியபோது யீயானின் வாய் திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

கதவுகள் திறந்து மூடின. வரிசை யீயானின் வீட்டுக்கு வந்தது, இன்னும் வான்திங்கின் பழைய எண்ணையே தாங்கியிருந்த வீட்டுக்கு. கதவு திறந்தது.

இந்த முறை மூடவில்லை.

உள்ளே ஃபைல்கள் மறையத் தொடங்கின. ஒன்று. இன்னொன்று. அதற்குப் பிறகு கொத்தாக. யாரோ தங்கள் வீட்டுக்குள் வந்து, அங்கே கிடக்கும் அந்நியச் சாமான்களை வெளியேற்றுவதுபோல.

"நான் செஞ்ச தப்புதான்," என்றாள் பெய்ஷான், காலி அறையைப் பார்த்து. "அவளை விட்டுடு. உன் வீடு வந்துட்டிருக்கு. கொஞ்சம் பொறு. கொஞ்சம்."

நாடா கிறீச்சிட்டது. நின்றது. பின்னால் ஓடியது.

"ஓடித் தொலையேன்!" நாடா ஓடும் பெட்டியை ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

ஓடியது. கடைசி ஃபைல் ஏறியது. வீட்டின் பெயரை எழுதினாள். உரிமையாளர் எண்ணை அடித்தாள். அவசரத்தில் ஓர் இலக்கம் பிழையாயிற்று. அழித்து மறுபடி அடித்தாள். யீயானின் புது எண்ணையும் போட்டு அனுப்பினாள்.

எல்லாம் நின்றது.

தெருவின் மறுகோடியில் ஒரே ஒரு கதவு திறந்தது. வான்திங்கின் வீடு. யாரோ உள்ளே போனார்கள். விசிறிகளின் இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கியது.

போனில் ஷெங்கின் குரல் உடைந்து வந்தது. "எழுந்துட்டா. அம்மாடி, எழுந்துட்டா. பசிக்குதுங்கறா."

யீயானின் ஆராய்ச்சி முடிவுகள் அழியவில்லை. வீட்டுக்கு வெளியே, சர்வரின் பொது இடத்து ஓரத்தில், தேதி வாரியாக அழகாக அடுக்கப்பட்டிருந்தன. பெய்ஷான் வசந்த காலத்தில் வான்திங்கின் சாமான்களை அப்படி அடுக்கவில்லை. ஒரே கட்டளையில் துடைத்தெறிந்தாள். அதை நினைத்து அன்று அவள் வெட்கப்பட்டாள்.

மாதம் முடிவதற்குள் யீயான் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். சர்வர் பிறகு திணறவே இல்லை. தூ கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நன்றி சொன்னார். ஷெங், பச்சைப் பொட்டலத்தின் மகிமை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒவ்வொரு மதியமும் விளக்கு அணைந்ததும் வான்திங்கின் கதவு மட்டும் திறக்கும். விளக்கு எரிந்ததும் மூடும். வீடு தினமும் சில வரிகள் அளவுக்கு வளர்ந்தது. கடைசி அத்தியாயமாக இருக்கலாம். பெய்ஷான் திறந்து பார்க்கவில்லை. உரிமையாளரைத் தவிர வேறு யாரும் நுழைய முடியாதபடி அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டது அவளேதான். இனி யாரும் சுத்தம் செய்யக் கூடாதல்லவா.

குளிர்காலத்தில் ஒருநாள் அம்மாவோடு போனில் பேசி முடித்துவிட்டு (அதே மாடம், அதே அண்ணி) எரிச்சலோடு மேசைக்கு வந்தாள். தூக்க வேளைக்கு மணி அடித்தது. வழக்கம்போல ஒருமுறை அந்தப் பூட்டைச் சரிபார்த்தாள்.

உள்ளே நுழைய அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் வான்திங்கின் எண் இருந்தது.

அதற்குக் கீழே இன்னோர் எண் சேர்ந்திருந்தது.

அது பெய்ஷானுடைய எண்.

விளக்குகள் அணைந்தன. பக்கத்தில் எங்கோ மழைக்கோட்டை மடிக்கும் சத்தம் கேட்டது. இருட்டில் மேசையைத் தடவினாள். அவளுடைய தலையணை தயாராகப் போடப்பட்டிருந்தது. அதை அவள் இன்னும் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.